பச்சோந்திக்கும் கண் வலி!

"அம்மா, இது ஒரு கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது!"

அன்று பள்ளிக்கூட லீவு. சேலையூரில் எங்கள் பக்கத்து மனையில் வேலி வெட்டினார்கள். அங்கே கிடந்த பச்சோந்தியை அட்டைப் பெட்டியில் போட்டுத் தூக்கி வந்துவிட்டான் என் மகன். ஒரு கண் நாலாபக்கமும் சுழல்கிறது. இன்னொன்று வீங்கி மூடிக் கிடக்கிறது.

"சீ, ஓணானை எல்லாம் உள்ளே கொண்டு வராதேடா!" என்று மாமியார் சத்தம் போட்டார். அதற்கு விஷம் கிடையாது என்றாலும் நம்பவில்லை. ஆனால் அரை மணியில் அவரே, "பாவம், வாயில்லா ஜீவன். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போயிடும்" என்றார். எதிர்வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவோடு வந்தார்.

நான் படித்தவள் ஆயிற்றே! மகனுக்குப் போன வருஷம் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சொட்டு விட்டேன்.

மறுநாள் வீக்கம் கூடிவிட்டது. வெட்டுக்கிளியைக் கண்ணெதிரே வைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தூரத்தைக் கண்ணால் அளந்து, நாக்கை நீட்டி இரை பிடிக்கிற பிராணி அது. கண் போனால் சாப்பாடும் போச்சே!

தாம்பரத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது மருந்து பாட்டிலைத்தான்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. கண்ணுல கீறல் இருந்தா புண்ணை ஆறவிடாது, கிருமியும் பெருகும். குழந்தைங்க கண்ணுக்கும் இதே கதைதான்."

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் கண் லேசாகச் சிவந்ததென்று மகனுக்கும் அதையேதானே விட்டேன்! நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பச்சோந்தியின் மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டி, நடுவே சின்னத் துவாரம்தான் இருக்குமாம். தூசியோ முள்ளோ உரிந்த தோலோ உள்ளே சிக்கினால் வீங்கிவிடும். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது போல வழியாது, கெட்டியாக உள்ளேயே தங்கிவிடும். அதனால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். கூண்டில் வளர்பவற்றுக்குத் தண்ணீர்க் குறைவாலும் வைட்டமின் ஏ குறைவாலும் கண் கெடும். அதற்காக நாமே வைட்டமின் கொடுத்தால், அளவு மீறியும் கெடுதல்தான்.

டாக்டர் உப்புக் கரைசலால் கழுவிச் சீழை எடுத்தார். "நானே வளர்க்கட்டுமா அங்கிள்?" என்றான் மகன்.

"கூடாதுப்பா. 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சோந்தியை வீட்டில் வைக்கக்கூடாது" என்று சொல்லி, வனத்துறைக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். பையன் ஒரே அழுகை! சேலையூரில் தொடங்கி, 1972-இல் கிண்டிக்குப் போன பாம்புப் பண்ணையைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

உங்கள் வீட்டுச் சுட்டிகளும் இப்படி எதையாவது தூக்கி வரலாம். அப்போது பதறாதீர்கள்:

* காற்றோட்டமான பெட்டியில் ஒரு குச்சியை வைத்து, நிழலில் வையுங்கள்.

* இலைகளில் தண்ணீர் தெளியுங்கள். துளியை நக்கித்தான் அது குடிக்கும்.

* கைமருந்து, மிச்ச மருந்து எதுவும் வேண்டாம். வாயைத் திறந்து ஊட்டவும் வேண்டாம்.

* உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

* தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா என்ற கிருமி பரவி, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரலாம்.

இரண்டு வாரம் கழித்து வனத்துறையினரிடம் விசாரித்தோம். கண் திறந்துவிட்டதாம், காட்டில் விட்டுவிட்டார்களாம். வீடே சந்தோஷப்பட்டது, மாமியார் உட்பட!

இப்போது என் ஃபிரிட்ஜில் பழைய சொட்டு மருந்து ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான கண் மருந்துகளைத் திறந்த ஒரு மாதத்துக்குள் எறிந்துவிட வேண்டும். உங்கள் ஃபிரிட்ஜையும் இன்றே ஒருமுறை பாருங்களேன்!