காலத்தாற் சேரும் மருந்து: நச்சுயிர் நோய்களும் தொலைமருத்துவமும்

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. அதற்கு முந்தைய குறளோ, மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் காலத்தையும் ஒன்றாக வைக்கிறது.

இந்நான்கும் ஓரிடத்தில் கூடினாலன்றி மருத்துவம் நிகழாது என்பதே நெடுங்கால வழக்கம். இன்றோ நோயாளி வேங்கிக்காலில் இருக்க, மருத்துவர் வேறோர் ஊரில் இருக்க, இருவரும் கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசி மருந்துச் சீட்டுப் பெறும் நிலை வந்துவிட்டது. இதனைத் தொலைமருத்துவம் என்பர். காலம் தவறினால் மருந்தின் பயனே குன்றிவிடும் சில நச்சுயிர் நோய்களில் இதன் அருமை பெரிது. அந்நோய்களுக்கு இவ்வழியே மருந்து பெறுவது எவ்வாறு என்பதையும், எங்கே இவ்வழி நின்றுவிடுகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நச்சுயிரும் எதிர்மருந்தும்

வைரஸ் எனப்படும் நச்சுயிரி தானாகப் பெருக இயலாதது. அது நம் உடலின் உயிரணுவுக்குள் நுழைந்து, அவ்வுயிரணுவின் பொறிகளையே பயன்படுத்தித் தன்னைப் போன்ற பல படிகளைச் செய்துகொள்கிறது. பின்னர் அப்படிகள் வெளியேறி அடுத்த உயிரணுக்களைத் தாக்குகின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இந்நச்சுயிரிகளை ஒன்றும் செய்வதில்லை. காய்ச்சல் என்றவுடன் மருந்துக் கடையில் அத்தகைய மாத்திரைகளைக் கேட்டு வாங்கி விழுங்குவது பொருளற்ற செயல் என்பது இதனால் விளங்கும்.

இன்ஃபுளுவென்சா எனும் சளிக்காய்ச்சலுக்கு ஓசல்டாமிவிர் என்னும் மருந்து உண்டு. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, புதிய நச்சுயிரிகள் உயிரணுவை விட்டு வெளியேறப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது. வெளியேறும் வாயில் அடைபடுவதால் நோய் பரவுவது மட்டுப்படுகிறது. பிரியாணிக்கு மணமூட்டும் அன்னாசிப் பூவிலிருந்து எடுக்கப்படும் ஷிக்கிமிக் அமிலமே இம்மருந்தைச் செய்வதற்குரிய மூலப்பொருளாக விளங்கியது என்பது சுவையான செய்தி. ஆயினும் அப்பூவை உண்பதால் இம்மருந்தின் பயன் கிட்டாது. ஆய்வகத்தில் பல படிகளைக் கடந்த பின்னரே அது மருந்தாகிறது.

காலத்தின் அருமை

உடலுக்குள் நுழைந்த நச்சுயிரி முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே மிகுதியாகப் பெருகுகிறது. எனவே பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தும் அந்நாள்களுக்குள் உடலைச் சேர வேண்டும். ஓசல்டாமிவிரை நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்குவது நலம். அக்கிக்குரிய அசைக்ளோவிர் வகை மருந்துகளுக்கு 72 மணி நேரம் எல்லை. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மைக்கு, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி. கொரோனாவுக்கென வந்த வாய்வழி மருந்துகளை ஐந்து நாள்களுக்குள் தொடங்க வேண்டும் என்பர். கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தவர்க்கு, காலம் கடந்தபின்னும் மருத்துவர் ஓசல்டாமிவிர் தருவதுண்டு. ஆயினும் முந்துவதே சிறப்பு.

இக்கணக்கை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். சனிக்கிழமை மாலை ஒரு முதியவருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. ஞாயிறன்று பக்கத்து மருத்துவர் இல்லை. திங்களன்று, "ஒரு நாள் பார்க்கலாம்" என்று கஷாயம் கொடுக்கின்றனர். செவ்வாயன்று மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நின்று மருத்துவரைக் காணும்போது 48 மணி நேரம் கழிந்து போயிருக்கும். இங்கே குறைந்தது மருந்துமன்று, மருத்துவருமன்று; காலமே.

இடமும் பருவமும்

திருவண்ணாமலை நகரை ஒட்டியுள்ள வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. பல வட்டங்களிலிருந்தும் மனுக்களோடு மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் ஊர் இது. நகரிலோ, பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பல்லாயிரவர் நெருங்கி நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத் திருவிழா வரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஏறக்குறைய ஒன்றே. தமிழ்நாட்டில் சளிக்காய்ச்சல் மிகும் பருவமும் அதுவே. இருமலாலும் தும்மலாலும் பரவும் நோய்க்கு இத்தகைய கூட்டம் வாய்ப்பளிப்பது இயல்பு.

இதே மாவட்டத்தின் மற்றொரு முனையில் சவ்வாது மலையும், அதன் ஜமுனாமரத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களும் உள்ளன. அங்கிருப்பவர்க்கு நகர மருத்துவரைக் காண்பதே ஒரு நாள் பயணம். வேங்கிக்காலில் இருப்பவர்க்கு வரிசையும் விடுமுறையும் தடை. மலையில் இருப்பவர்க்குத் தொலைவு தடை. காய்ச்சலோடு பேருந்தில் செல்பவர், உடன் வருவோர்க்கும் நோயை வழங்கிச் செல்கிறார் என்பதும் எண்ணத்தக்கது.

தொலைமருத்துவம் வந்த வழி

தொலைமருத்துவம் நேற்றுத் தோன்றியதன்று. 2000ஆம் ஆண்டிலேயே, ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா என்னும் சிற்றூர் மருத்துவமனை, தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. ஆயினும் பொதுமக்கள் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் வழி பரவலானது கொரோனாக் காலத்திலேயாகும். நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்த 2020 மார்ச் 25ஆம் நாளன்றே, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு வெளியிட்டது. அதுவரை தெளிவற்றிருந்த இம்முறை, பதிவு பெற்ற மருத்துவர் எவரும் நெறிப்படி மேற்கொள்ளத்தக்க பணியாயிற்று.

அடுத்த மாதமே, ஏப்ரல் 13ஆம் நாள், இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் மொகாலி மையம் இதனை உருவாக்கியது. கட்டணமின்றி நடைபெறும் இச்சேவையில் கைப்பேசி எண்ணைப் பதிந்து, வரும் கடவுஎண்ணை இட்டு, டோக்கன் பெற்றுக் காத்திருந்தால் மருத்துவர் திரையில் தோன்றுவார். பேச்சு முடிந்ததும் மின்மருந்துச் சீட்டு கிடைக்கும். இதன் தொடக்கக் காலத்தில் மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. திறன்பேசி இல்லாதவர்க்கும் வழி உண்டு. ஊர் நலவாழ்வு மையத்திலுள்ள சுகாதாரப் பணியாளர் நோயாளியை அருகில் அமர்த்தி, மருத்துவரோடு இணைத்துப் பேசச் செய்யும் பிரிவு, 2019ஆம் ஆண்டிலிருந்தே இத்திட்டத்தில் இருந்து வருகிறது.

சட்டம் திறந்த வாயில்

மேற்குறித்த நெறிகள், மருந்துச் சட்டத்தின் 'எக்ஸ்' அட்டவணையில் உள்ளவற்றையும், போதை தரும் மருந்துகளையும், மனநிலையை மாற்றும் மருந்துகளையும் தொலைவழியே எழுதக் கூடாது எனத் தடை செய்கின்றன. 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சலின்போது ஓசல்டாமிவிர் தொடக்கத்தில் அரசு வழியாகவே வழங்கப்பட்டது. பின்னர்க் கடைகளில் விற்க இசைவு தந்தபோதும், அது இந்த 'எக்ஸ்' அட்டவணையிலேயே வைக்கப்பட்டது. அவ்வட்டவணைக்கு உரிமம் பெற்ற கடைகள் மிகச் சில. எனவே மருந்து இருந்தும் மக்களுக்கு எளிதில் எட்டவில்லை. 2017ஆம் ஆண்டு அது 'எச் 1' அட்டவணைக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றம் நிகழாதிருந்தால், 2020இல் வந்த நெறிகள் இம்மருந்துக்குக் கதவடைத்திருக்கும். ஓர் அட்டவணை எழுத்து மாறியதால் நோயாளிக்கு வழி திறந்தது.

எனினும் 'எச் 1' என்பது கட்டுப்பாடற்ற நிலையன்று. மருத்துவர் சீட்டின்றி இம்மருந்தை விற்கலாகாது. நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காத்து வைக்க வேண்டும். தொலைமருத்துவச் சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டியது இதனாலும் இன்றியமையாதது.

மூவகைக் காய்ச்சலர்

காய்ச்சலுற்ற அனைவர்க்கும் இம்மருந்து வேண்டுமா எனின், வேண்டா. நல்ல உடல்நிலை உடையவர்க்கு இது நோய்க் காலத்தை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கும், அவ்வளவே. இந்திய அரசின் நெறிகள் பன்றிக் காய்ச்சல் நோயாளரை 'ஏ', 'பி', 'சி' என மூவகையாகப் பகுக்கின்றன.

'ஏ' வகையினர் இலேசான காய்ச்சலும் இருமலும் தொண்டை வலியும் உடையவர். இவர்க்கு நச்சுயிர் எதிர்மருந்து தேவையில்லை. வீட்டில் ஓய்வு கொண்டு, ஓரிரு நாளில் மருத்துவர் மீண்டும் பார்த்தால் போதும். 'பி' வகையில் கடுங்காய்ச்சலும் கடுந்தொண்டை வலியும் உடையவர்க்கு மருத்துவர் கருதினால் மருந்து தரலாம். அவ்வகையிலேயே கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், 65 வயதைக் கடந்தோர், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரகம் முதலியவற்றில் நோயுடையோர் ஆகியோர்க்கு மருந்து தர வேண்டும் என்கின்றன அந்நெறிகள். 'சி' வகையினர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தம் கலந்த சளி, நகம் நீலம் பாய்தல் ஆகிய குறிகளை உடையவர். இவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

முதலிரு வகையினர்க்குச் சோதனை கட்டாயமில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வயதையும் பிற நோய்களையும் நோய்க்குறிகளையும் கேட்டறிந்தே மருத்துவர் முடிவு செய்யலாம். தொலைமருத்துவம் பொருந்தும் இடம் இதுவே. 'சி' வகையினர்க்குத் திரைமுன் காத்திருப்பது தீங்கு. அவர்க்குரிய எண் 108.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலும் வருகிறது. அதற்கென நச்சுயிர் எதிர்மருந்து இன்றளவும் நடைமுறையில் இல்லை. இரத்தச் சோதனையும் நீர்ச்சத்தைக் காத்தலுமே அதற்கு வழி. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்நோயில் இரத்தக் கசிவுக்கு இடம் தரும். இருமலும் சளியும் இன்றி உடல்வலியும் கண்ணின் பின்புற வலியும் மிகுந்தால், அதனை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

அக்கியும் காவியும்

நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று, செங்காவியைக் குழைத்து மேனியில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. அவ்வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அக்கி எனப்படுபவற்றுள் பல, சிறுவயதில் வந்த சின்னம்மையின் நச்சுயிரி நரம்பில் உறங்கிக் கிடந்து, முதுமையில் விழித்தெழுவதால் வருபவை. உடலின் ஒரு பக்கத்தில் வார்போல் கொப்புளம் எழுவது அதன் அடையாளம். உரிய காலத்தில் மருந்துண்டால் கொப்புளம் விரைவில் ஆறும், கடுமையும் குறையும். காவி எழுதிக் காத்திருக்கும் மூன்று நாளில் அக்காலம் கழிந்து போகிறது. ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியால் துயருறும் முதியோர் பலர்.

கொப்புளம் கண்ணுக்குத் தெரிவது. எனவே காணொளி வழியே மருத்துவர் அதனை எளிதில் அறிவார். ஆயினும் நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால், பார்வைக்கே கேடு வரக்கூடும் ஆதலின், கண் மருத்துவரை நேரில் காண்பதே தக்கது.

நால்வர் கடமை

வள்ளுவர் கூறிய நான்கையும் கொண்டே இதனைத் தொகுத்துரைக்கலாம்.

நோயுற்றவர் கடமை உண்மையை முழுமையாகக் கூறுவது. காய்ச்சல் தொடங்கிய நாளும் வேளையும், வெப்பமானி காட்டும் அளவு, முன்னரே உள்ள நோய்கள், உண்டுவரும் மாத்திரைகள், கருவுற்றிருந்தால் அச்செய்தி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நலம். சிறுநீரக நோயுடையவர்க்கு ஓசல்டாமிவிரின் அளவையும் அசைக்ளோவிரின் அளவையும் குறைக்க நேரும். கொரோனா மருந்துகளுள் சில, இதய நோய்க்கும் கொழுப்புக்கும் உண்ணும் மாத்திரைகளோடு முரண்படும். மறைக்கும் செய்தி மருந்தையே நஞ்சாக்கும்.

தீர்ப்பவர் கடமை தம் பெயரையும் தகுதியையும் பதிவு எண்ணையும் வெளிப்படுத்துவது, பேச்சைப் பதிவில் வைப்பது, திரைவழி முடிவு செய்ய இயலாதென உணர்ந்தால் தயங்காமல் நேரில் அனுப்புவது ஆகியன. சிறுவர்க்காகப் பேசும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

மருந்து, சொன்ன அளவில் சொன்ன நாள் வரை உண்ணப்பட வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மீதத்தை அண்டை வீட்டார்க்குக் கொடுப்பது தவறு. 2021 டிசம்பரில் அவசர ஒப்புதல் பெற்ற மோல்னுபிராவிர் என்னும் கொரோனா மருந்தை, பாதுகாப்புக் கருதி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தேசியச் சிகிச்சை நெறியில் சேர்க்கவில்லை. புதியது என்பதனாலேயே ஒரு மருந்து எல்லார்க்கும் ஏற்றதாகிவிடாது என்பதற்கு இது சான்று.

பேணுபவர் கடமை இக்காலத்தில் பெருகியுள்ளது. திரையில் மருத்துவர் தொட்டுப் பார்க்க இயலாது. நாடியையும் மூச்சின் விரைவையும் கண்டு சொல்பவர் உடனிருப்பவரே. கைப்பேசியை இயக்கத் தெரியாத பாட்டனார்க்கு, கல்லூரியில் பயிலும் பேரனோ பேத்தியோதான் பேணுபவர். மருந்துச் சீட்டைக் கடைக்குக் கொண்டு செல்வதும், மருந்துண்டபின் மூச்சுத் திணறல் வருகிறதா என விழித்திருந்து காண்பதும் அவர் பணியாகும்.

முடிவுரை

தொலைமருத்துவம் மருத்துவமனைக்கு மாற்றன்று. நோய் தொடங்கிய வேளைக்கும் மருந்து சேரும் வேளைக்கும் இடையிலுள்ள காலத்தைச் சுருக்கும் கருவியே அது. அக்கருவியின் பயன், அதனை முதல் நாளிலேயே கையில் எடுப்பவர்க்கே உரியது. ஆதலின் தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், தம் வீட்டு முதியோர்க்கும் தெருவில் கருவுற்றிருப்போர்க்கும் இவ்வழியை அறிமுகம் செய்து, பதிவு செய்யும் முறையைக் கற்பித்து வைத்தல் வேண்டும். காய்ச்சல் வந்தபின் கற்பிப்பதினும், வருமுன் கற்பித்து வைப்பது சிறந்தது. கல்வியின் பயன் பிறர்க்கு உற்ற வேளையில் உதவுதல் என்பது உண்மையாயின், இது நம் கடனாகும்.