பாவித்த கணனி வாங்கப் போகிறீர்களா?



கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள நமது கரையோர ஊர்களில் கணனி இன்று ஆடம்பரப் பொருளல்ல. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளை கணனி வகுப்பில் சேர்கிறது; உயர்தரப் பிள்ளைக்குப் பாடத்திற்கே அது தேவைப்படுகிறது. அதற்கான பணம் கணவர் கடலில் உழைத்ததாக இருக்கலாம், மகன் கட்டாரிலிருந்து அனுப்பியதாக இருக்கலாம், நீங்களே சீட்டுக் கட்டிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பாவித்த மடிக்கணனியைத் தேடுவதில் தவறேதுமில்லை. ஆனால் பணத்தைக் கொடுக்குமுன் அறிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு.

கையால் தொடக்கூடிய பாகங்களை வன்பொருள் என்கிறோம். அவற்றை வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம். நம்மிடையே பெரும்பாலும் பாவனையிலுள்ள இயங்குதளம் விண்டோஸ். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். வீட்டுத் தையல் மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஆடைத் தொழிற்சாலை ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும். ஊசியும் நல்லது, மெஷினும் நல்லது. மாற்றிப் போட்டால் தையல் விழாது. கணனியின் கதையும் அதுவே.

இப்போது ஏன் இந்தக் கவனம் வேண்டும்? 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு இலவசமாக வழங்கி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்து பெறக்கூடியதாக 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு தவணை அறிவிக்கப்பட்டது. திருத்தம் நின்றதால் கணனி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அத்தகைய கணனியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவுக்குத் தாழிடாமல் உறங்குவதற்குச் சமம்.

"அப்படியானால் 11ஐப் போட்டுவிடலாமே" என்பீர்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11 எல்லாக் கணனிக்கும் பொருந்துவதில்லை. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றை அது கேட்கிறது. இண்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இதை நீங்களே பார்த்தறியலாம். ஐ5 என்ற பெயரையடுத்து 7200 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை; 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை; 10210 என்றிருந்தால் பத்தாம் தலைமுறை. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளும் விடையைச் சொல்லிவிடும். பொருந்தாத கணனியிலும் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் 11ஐப் புகுத்த முடியும். ஆனால் அவ்வாறு செய்த கணனிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே திரையில் 11 தெரிகிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, டிரைவர். அரபு மட்டும் தெரிந்த விருந்தாளிக்கும் தமிழ் மட்டும் தெரிந்த வீட்டாருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதைப் போல, பிரின்டருக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் இருக்கும் சிறு மென்பொருள் அது. புதிய இயங்குதளத்துக்கேற்ற டிரைவர் இல்லாவிட்டால் நல்ல பிரின்டரும் ஊமையாகிவிடும்.

மார்க்கம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்காததைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குறையை மறைத்து விற்பவருக்கு அது கடும் எச்சரிக்கை. வாங்குபவருக்கும் வழியுண்டு. நமது ஷாபிஈ மத்ஹபில், திருப்பிக் கொடுக்கும் உரிமையை மூன்று நாள் வரை நிபந்தனையாக இட்டு வாங்கலாம். கியாருஷ் ஷர்த் என்பது இதுவே. பேரம் முடியும்போதே அதை வாய்விட்டுச் சொல்லிப் பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். அந்த மூன்று நாளில் வை-பை, ஒலி, கெமரா, வீட்டுப் பிரின்டர் யாவற்றையும் சோதியுங்கள். நாளை உங்கள் பழைய கணனியை நீங்கள் விற்கும்போதும், அது விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால், அதைச் சொல்லியே விற்க வேண்டும்.

ஏற்கனவே அத்தகைய கணனி வீட்டிலிருந்தால் வீசிவிட வேண்டாம். வீண்விரயம் நமக்கு ஆகாது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் பல பழைய கணனிகளிலும் நன்றாக ஓடும். களவுப் பிரதி என்ற உறுத்தலும் இல்லை. உள்ளேயுள்ளதை அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே இயக்கி, பாகங்கள் பொருந்துகின்றனவா என்று முதலில் பார்க்கலாம். பொருந்தினால், புகைப்படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதியெடுத்த பின்னரே நிரந்தரமாகப் பதியுங்கள். பிள்ளையின் வகுப்பில் மைக்ரோசொப்ட் ஒபிஸ்தான் வேண்டுமென்றால் மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்; லினக்ஸில் அதற்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் இருக்கிறது.

கடைக்குக் கணவரோ மகனோதான் போவார் என்றாலும், செயலியின் இலக்கம், டிபிஎம், மூன்று நாள் நிபந்தனை ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். உழைத்துச் சேர்த்த பணம் ஓர் அமானிதம். அதை அறிவோடு செலவிட அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.