நான்கு எழுத்து சொன்ன சேதி

குழந்தையைப் பார்த்ததும் "அப்பா ஜாடை", "அம்மா ஜாடை" என்கிறோம். மரங்களுக்கும் ஜாடை உண்டு. ஆனால் ஜாடை சில சமயம் ஏமாற்றிவிடும்.

நம் இமயமலையில் பைன் மரங்கள் உண்டு. இலைகள் ஊசி போல இருக்கும். கனடா நாட்டிலும் பைன் காடுகள் ஏராளம். அங்கே மேற்கில் லாட்ஜ்போல் பைன் வளர்கிறது. கிழக்கில் ஜாக் பைன் வளர்கிறது. ஆல்பர்ட்டா என்ற மாகாணத்தில் இரண்டும் சந்திக்கின்றன. காற்றில் மகரந்தம் பறக்கிறது. ஒரு வகை மரத்தின் மகரந்தம் மற்ற வகையில் சேர்கிறது. கலப்பு மரங்கள் பிறக்கின்றன.

மேற்கில் ஒரு வண்டு உண்டு. அரிசி அளவுதான் இருக்கும். மரப்பட்டையைத் துளைத்து உள்ளே முட்டையிடும். கூடவே பூஞ்சையையும் கொண்டுபோகும். மரம் காய்ந்துவிடும்.

கடுங்குளிர் வந்தால் வண்டின் புழுக்கள் சாகும். குளிர் குறைந்ததால் வண்டு பெருகியது. கோடிக்கணக்கான மரங்கள் அழிந்தன. 2006-ஆம் ஆண்டில் வண்டுகள் மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் பெருங்கூட்டமாக வந்தன.

வண்டு கலப்பு மரத்தோடு நிற்குமா? சுத்தமான ஜாக் பைனையும் தாக்குமா? இதுதான் கேள்வி. ஜாக் பைன் காடு கிழக்குக் கடல் பக்கம் வரை பரவியுள்ளது. அந்தக் காட்டை நம்பிப் பலர் பிழைக்கிறார்கள்.

தாக்கப்பட்ட மரம் எந்த வகை? ஜாடையை வைத்துச் சொல்ல முடியவில்லை. சில கலப்பு மரங்கள் ஜாக் பைன் போலவே இருந்தன.

விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். எல்லா உயிர்களின் உடம்பிலும் டி.என்.ஏ. இருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள். டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள். அவையே மாறி மாறி நீளமாக வருகின்றன.

சில இடங்களில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்தில் 10 தடவை வரலாம். இன்னொன்றில் 15 தடவை வரலாம். இப்படி வேறுபடும் இடமே மரபு அடையாளம்.

முதலில், வகை நன்றாகத் தெரிந்த மரங்களை ஒப்பிட்டார்கள். எந்த இடங்களில் வேறுபாடு என்று கண்டார்கள். ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடையாளமும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டாக வரும். கலப்பு மரத்தில் இரண்டு வகையின் அடையாளங்களும் இருக்கும்.

2011-ஆம் ஆண்டில் விடை வெளியானது. வண்டு தாக்கிய மரங்களில் சுத்தமான ஜாக் பைனும் இருந்தது. கிழக்கே போக வண்டுக்கு வழி திறந்துவிட்டது.

ஆகவே, வண்டு தாக்கிய மரங்களைத் தேடிப் பிடிப்பது முக்கியமானது. அவற்றை வெட்டி எரித்தால் வண்டு பரவுவது குறையும். ஜாடையை மட்டும் நம்பியிருந்தால் ஆபத்து தெரிந்திருக்காது. நான்கு எழுத்தைப் படித்ததால் தெரிந்தது.