உங்களுக்குத் தெரியுமா? கன்னி கல்லறையில் ஒரு பாட்டி!

● 1840களில் தொடங்கி, ரயில் வரும்வரை, அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிபோர்னியாவுக்கும் ஆரிகனுக்கும் கூண்டு வண்டிகளில் கிளம்பியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். வண்டியில் மாவு, பன்றி இறைச்சி, தட்டுமுட்டுச் சாமான். ஆட்கள்? பெரும்பாலோர் கூடவே நடந்துதான் வந்தார்கள், சுமார் 3,200 கி.மீ.!

● வழியில் யாராவது இறந்தால், வண்டித் தடத்தின் நடுவிலேயே குழி வெட்டிப் புதைத்து, அதன் மேல் அத்தனை வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு போவதும் உண்டு. கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓநாய் தோண்டக்கூடாது, உடுப்புக்காகத் தோண்டுகிற ஆசாமிகளுக்கும் இடம் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்காத இடங்களில் போர்வைதான் பெட்டி. பெயர் தெரிந்த சமாதிகள் இன்று மிகக் குறைவாக இருப்பதற்கு இதெல்லாம் காரணம்.

● நெவாடாவில் ஓடும் ஹம்போல்ட் ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை, பாலைவனத்திலேயே சுண்டிப்போகிறது. அது முடியும் இடத்தில் தொடங்குகிறது 'நாற்பது மைல் பாலைவனம்'. அடுத்த ஆறு வரும்வரை குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது. வெயிலுக்குப் பயந்து இரவில்தான் கடப்பார்கள். 1850இல் எடுத்த ஒரு கணக்கின்படி அங்கே கிடந்தவை: இறந்த கோவேறு கழுதைகள் 1,061, குதிரைகள் கிட்டத்தட்ட 5,000, மாடுகள் 3,750. மனிதச் சமாதிகள் 953.

● அதே ஹம்போல்ட் கரையில், பியோவாவே என்ற குக்கிராமத்துக்கு அருகே, மேட்டில் சிலுவையோடு ஒரு கல்லறை. பெயர், 'கன்னியின் கல்லறை'. கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் உயிர்விட்ட பதினெட்டு வயதுப் பெண் என்று ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். 1860களின் இறுதியில் அந்த வழியாகத் தண்டவாளம் போட வந்த சென்ட்ரல் பசிபிக் ரயில்வே ஆட்கள், 'லூசிண்டா டங்கன்' என்ற பெயரோடு தனியாகக் கிடந்த சமாதியைப் பார்த்து, மனம் இளகிச் சிலுவை நட்டார்கள். பாலைவனத்தில் ஒற்றைச் சமாதி, அதில் ஒரு பெண் பெயர். இது போதாதா? பெண் என்றால் இளம்பெண், இளம்பெண் என்றால் அழகி... ரயில் ஜன்னலில் எட்டிப் பார்த்த பயணிகள் மீதிக் கதையைக் கட்டி முடித்தார்கள்.

உண்மையை உடைத்தது ஒரு நாட்குறிப்பு. 1863இல் அதே பாதையில் பயணம் செய்த ஜேம்ஸ் யேகர் என்பவர் அன்றன்று நடந்ததை எழுதி வைத்திருந்தார். அதன்படி, ஆகஸ்ட் 15 அன்று இறந்த லூசிண்டா ஒரு மூதாட்டி. கூட வந்த வண்டிக்காரர்களில் பலர் அவருடைய பிள்ளைகள், பேரக்குழந்தைகள், சொந்தபந்தங்கள். வயது எழுபதை ஒட்டி இருக்கும்! எழுபது வயதில் சொந்த ஊரை விட்டுக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு கண்டம் தாண்டக் கிளம்பிய கிழவியின் துணிச்சல், அந்தக் கற்பனைக் கன்னியின் கதையைவிட எத்தனையோ மடங்கு சுவாரசியமானது. ஆனாலும் பழைய பெயர்தான் நிலைத்துவிட்டது.

● 1906இல் ரயில் பாதையை மாற்றிப் போட்டபோது லூசிண்டாவின் சமாதி குறுக்கே வந்தது. சமாதியைத் தூக்கி மேட்டுக்கு மாற்றினார்கள். நெப்ராஸ்காவில் இதற்கு நேர்மாறான கதை. 1852இல் காலராவில் இறந்த ரெபெக்கா வின்டர்ஸுக்குக் கல் நட வழியில்லை. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வளைத்து நட்டு, அதில் பெயரையும் '50 வயது' என்பதையும் உளியால் வெட்டினார் உடன் வந்த குடும்ப நண்பர். சுமார் 47 ஆண்டுகள் கழித்து ரயில்வே அளவையாளர்கள் அந்த இரும்பைப் பார்த்து, பாதையைச் சற்றே விலக்கிப் போட்டார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். பட்டையும் எழுத்தும் இன்றும் இருக்கின்றன. மரப்பலகை நட்டவர்களின் பெயர்கள் மழையோடும் காற்றோடும் போயின.

ரெபெக்கா இறந்த தேதி? அதுவும் ஆகஸ்ட் 15தான்.

● இந்தப் பாதையில் பெயரோடு அடையாளம் தெரிந்த சமாதிகளில் மிகப் பழையது ஒரு ஆறு வயதுப் பையனுடையது. ஜோயல் ஹெம்ப்ரீ, வயோமிங், 1843 ஜூலை. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து சக்கரத்தில் சிக்கினான். சக்கரம் ஏறிச் செத்த குழந்தைகள் அந்தப் பாதையில் ஏராளம்.

● ஹாலிவுட் படங்களைப் பார்த்து, வழியில் இறந்தவர்களெல்லாம் செவ்விந்தியர் அம்பு பட்டுச் செத்தவர்கள் என்று நம்புகிறோம். பெரிய எமன் காலராதான். அடுத்து ஆற்றில் மூழ்கியவர்கள், தங்கள் துப்பாக்கியே தவறுதலாக வெடித்துச் செத்தவர்கள். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்குப்படி 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர்.