கத்திக்கு ஒரு நிமிடம், சப்பாத்துக்கு நான்கு வருடம்

பிறந்த பிள்ளையின் பாதம் உள்பக்கமாக மடங்கி, குதி மேலே தூக்கி நின்றால், அது பிறவிக் கோணற்பாதம். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே போனதால் வருவதல்ல. தாயின் பிழையும் அல்ல.

முன்பெல்லாம் பாதத்தின் மூட்டுகளைத் திறந்து பெரிய சத்திரசிகிச்சை செய்வார்கள். பாதம் நேராகும், ஆனால் வளர்ந்த பிறகு பலருக்கு அது விறைத்து, வலி கொடுத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்பானிய வைத்தியர் இக்னாசியோ பொன்செட்டி இதற்கு மாற்று வழி கண்டார். பச்சைப் பிள்ளையின் மூட்டு நார்கள் இளகியவை; மெல்ல மெல்ல இழுத்தால் நீளும். அதனால் வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் சற்றே திருப்பி, விரலடியிலிருந்து தொடை வரை பிளாஸ்டர் போடுகிறார்கள். ஐந்தாறு பிளாஸ்டரில் பாதம் பெரும்பாலும் நேராகிவிடும்.

குதி மட்டும் இறங்க மறுக்கும். குதிநாண் இறுகியிருப்பதே காரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த இடத்தை மரக்கச் செய்து, மெல்லிய கத்தியால் தோலில் சில மில்லிமீற்றரே கீறி, நாணை அறுத்துவிடுவார்கள். தையல் தேவையில்லை. மேலும் மூன்று வாரம் பிளாஸ்டரில் இருக்கும்போது, அறுந்த நாண் நீண்ட நிலையில் கூடிவிடும்.

கத்தி வேலை அவ்வளவுதான். மீதி வீட்டில் நடக்க வேண்டியது. கம்பியால் இணைத்த சப்பாத்துகளை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணிநேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் அணிவிக்க வேண்டும். இதை விட்டால் பாதம் மறுபடி வளைவது பெரும்பாலும் உறுதி.

கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இது எளிதல்ல. பகலில் பிள்ளை தூங்குவது பிள்ளைக் காம்பராவில். ஆகவே சப்பாத்தும் அங்கே போக வேண்டும். பராமரிப்பவருக்கு அதை மாட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதம் கோணலாகத் தெரிந்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலை இருக்கிறது; அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். பிளாஸ்டர் போட்ட காலில் விரல்கள் நீலமானாலோ, குளிர்ந்தாலோ, பிளாஸ்டர் நழுவி விரல்கள் உள்ளே மறைந்தாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். சப்பாத்துக்குள் குதி நிற்காமல் அடிக்கடி வெளியே வந்தாலும் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால், திரும்ப வளையும் பாதத்தைப் பல வேளை மேலும் சில பிளாஸ்டரிலேயே சரிசெய்யலாம்.