இல்லாத கையின் வலி

டப்ளின், கலிபோர்னியா: போர் பறித்த கால் இன்றும் வலிக்கிறது என்று கூறும் உறவினர் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அதைப் பிரமை என்று நாமே ஒதுக்கியதும் உண்டு. அவ்வலி மெய்யானது என்று விளக்கியோருள் ஒரு தமிழ் மருத்துவரும் இருக்கிறார்.

1951 இல் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1983 இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். முதலில் ஆராய்ந்தது பார்வையை. பின்னர் மூளையின் பிற புதிர்களை.

1990களில் அவர் கையாண்ட கருவி எளியது: பெட்டிக்குள் நிறுத்திய ஒரு முகக்கண்ணாடி. எஞ்சிய கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். எஞ்சிய கையை விரித்தால், இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிவதாக மூளை உணரும். பலருக்கு வலி தணியும். 2007 இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் பற்றிய ஆய்வொன்று, கால் இழந்தோருக்கும் இது உதவுவதைக் காட்டியது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆயினும் செலவு சிறிது.

தாயகத்தில் மருத்துவராயிருந்து, இங்கே உரிமத் தேர்வுக்குக் காத்திருப்போர் நம்மிடையே உளர். ஆய்வுகூடம் செல்வதைத் தோல்வியென எண்ணவேண்டாம். நோயாளியின் சொல்லைச் செவிமடுக்கப் பழகிய காது அங்கும் வேண்டப்படுகிறது. வலியோடு வாழும் நம் உறவுகளுக்கும், மருத்துவரின் துணையோடு, அக்கண்ணாடியைப் பற்றி எடுத்துரைப்போம்.