மருந்தாளுநர் ஆக என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், நோயைப் பற்றிய ஐயங்களோடு இன்னொரு கேள்வியும் எங்களிடம் வருவதுண்டு. "டாக்டர், மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஃபார்மசியிலாவது சேர்த்துவிடலாமா?" அந்த 'ஆவது' என்னும் சொல்லோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

முடக்குவாதத்துக்கு நாங்கள் எழுதித் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது. பிற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உட்கொண்டால் வாயில் புண் உண்டாகும். எலும்பு மஜ்ஜை நலிந்து இரத்த அணுக்கள் குறையும். உயிருக்கே ஆபத்து நேரலாம். சீட்டை எழுதுபவர் மருத்துவர். வீட்டில் மாத்திரையை உட்கொள்பவர் நோயாளி. இருவருக்கும் நடுவே நின்று, "எந்தக் கிழமை என்று குறித்துக்கொண்டீர்களா? ஃபோலிக் அமிலம் இருக்கிறதா? சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் ஏதும் உட்கொள்கிறீர்களா?" என்று கேட்பவர் மருந்தாளுநர். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அவ்விரு மருந்துகளும் சேர்வது பேராபத்து. இவ்வாறு கேட்கத் தெரிவதற்காகவே அப்படிப்பு.

இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ பயின்றவர்கள் இதில் சேரலாம். நீட் தேர்வு தேவையில்லை. டி.ஃபார்ம். 2 ஆண்டுப் படிப்பு; அதன்பின் செய்முறைப் பயிற்சி உண்டு. 1948-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டப்படி மாநில மன்றத்தில் பதிவு செய்துகொண்ட மருந்தாளுநரே மருந்து வழங்கலாம். டி.ஃபார்ம். முடித்தவர்கள் பி.ஃபார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. 4 ஆண்டு பி.ஃபார்ம். பயின்றோருக்கு மருந்துத் தொழிற்சாலைகளில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு ஆகிய பணிகளும், அரசில் மருந்து ஆய்வாளர் பணியும் உள்ளன. ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோர் எம்.ஃபார்ம். பயில்வர்.

நோயாளிக்கு மிக அருகில் நிற்பது, 2008-இல் நம் நாட்டில் தொடங்கிய ஃபார்ம்.டி. படிப்பு. மொத்தம் 6 ஆண்டுகள். இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. இதை முடித்தவர்கள் மருந்து எழுதித் தருவோர் அல்லர். ஆனால், சிறுநீரகம் நலிந்தவருக்கு இந்த நுண்ணுயிர்க்கொல்லியின் அளவைக் குறைக்க வேண்டாமா என்று வார்டில் எங்களையே கேட்பார்கள். நாங்கள் அதை விரும்பி வரவேற்கிறோம். மருந்தால் நேரும் பக்கவிளைவுகளைத் திரட்டிக் காசியாபாத்திலுள்ள தேசிய மையத்துக்கு அனுப்புவதும் அவர்கள் பணிகளுள் ஒன்று. நோயாளிகளும் 1800 180 3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் இதைத் தெரிவிக்கலாம் என்பது பலர் அறியாதது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். படிப்பின் நீளத்துக்கேற்ற ஊதியம் தொடக்கத்தில் கிடைப்பதில்லை, ஃபார்ம்.டி. பயின்றோருக்கு மருத்துவமனைகளில் இடங்கள் இன்னும் குறைவே. கல்விக்கடன் வாங்கும் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்க. கல்லூரிக்கு இந்திய மருந்தக மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் மன்றத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் பயின்றவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய இயலாது.

மேலும் அறிய விரும்பும் மாணவர்கள் நம் மருந்தகத்தில் பணியாற்றும் மருந்தாளுநர்களிடமே பேசலாம். பிற்பகலில் வாருங்கள், காலையில் அவர்களுக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது.